கட்டளை எந்த எஞ்சினுக்குப் போகிறது? பல சுமோக்களை ஒன்றாக ஓட்டும்போது வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

சுமோவில் எட்டு போக்குவரத்து சிமுலேஷன் ஒன்றாக ஓடுகிறது (ஓடுகிற ஒவ்வொன்றையும் இங்கே எஞ்சின் என்கிறேன்). மூன்றாவதில் இருக்கிற சிக்னலைப் பச்சையாக்கச் சொன்னால் எட்டாவதில் பச்சையாகிறது, இல்லையென்றால் எங்குமே ஆகவில்லை, அதுவும் இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அப்படியே சிலையாகி நிற்கிறது. பிழைச்செய்தி வந்தாலாவது பரவாயில்லை, பாதி நேரம் அதுவும் வராது. இதில் நான் மாட்டிக்கொண்டு மீண்ட இடங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுமோ என்றதும் ஜீப்பையோ மல்யுத்தத்தையோ நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையமான டி.எல்.ஆர். உருவாக்கி, 2001 முதல் கிடைத்துவரும் திறந்தமூலப் போக்குவரத்து சிமுலேட்டர் அது. வெளியிலிருந்து அதற்குக் கட்டளை கொடுக்கும் வழிக்கு ட்ராசி என்று பெயர், 2008-இல் வந்தது. கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறிகளுக்குப் போகுமுன் ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொண்டால் கீழே வருவதில் பாதி தானாகவே புரிந்துவிடும். ட்ராசி செய்தி ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், முதல் 4 பைட்டில் மொத்த நீளம், அடுத்து கட்டளையின் நீளம், அடுத்த பைட்டில் கட்டளை எண், அப்புறம் உள்ளடக்கம். ஒரு ஸ்டெப் (சிமுலேஷன் நேரத்தில் ஒரு படி) நகர்வதற்கு எண் 2, வரிசை எண் சொல்வதற்கு 3, மூடுவதற்கு 127. அவ்வளவுதான். இதில் 'பெறுநர்' என்ற கட்டமே கிடையாது. ராணுவப் பயிற்சிகளில் புழங்கும் டிஸ் நெறிமுறையை எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் பயிற்சி எண் இருக்கும், 'தொடங்கு' 'நிறுத்து' மாதிரியான நிர்வாகச் செய்திகளில் அனுப்புநர் யார், பெறுநர் யார் என்பதும் இருக்கும். ட்ராசியில் அதெல்லாம் இல்லை. நீங்கள் எந்த சாக்கெட் (இரண்டு ப்ரோகிராம்களை இணைக்கும் குழாய்) வழியாகப் பேசுகிறீர்களோ அதுதான் முகவரி. லேபிள் என்று நீங்கள் வைக்கிற பெயர் உங்கள் பைத்தான் பக்கத்தோடு நின்றுவிடுகிறது, அப்படி ஒரு பெயர் தனக்கு இருப்பதே சுமோவுக்குத் தெரியாது. ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: இந்தக் கட்டளை எந்தக் குழாய் வழியாகப் போனது, அந்தக் குழாயின் மறுமுனையில் யார்?

கடைசியாகக் கிளப்பிய எஞ்சின் மட்டும் சொல்வதைக் கேட்கிறது

எல்லாரும் முதலில் விழுகிற பள்ளம் இது. ட்ராசி.ஸ்டார்ட்டை 'அ' என்ற லேபிளோடு ஒரு தடவையும் 'ஆ' என்ற லேபிளோடு இன்னொரு தடவையும் அழைக்கிறீர்கள். இரண்டும் எழுந்துவிட்டன. அடுத்த வரியில் ட்ராசி.ட்ராஃபிக்லைட்.செட்ஃபேஸ் என்று எழுதினால் அது 'ஆ'வுக்குத்தான் போகும். ஸ்டார்ட்டுக்குள் டூஸ்விட்ச் என்று ஒரு பாராமீட்டர் இருக்கிறது, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அதன் மதிப்பு ட்ரூ, அதாவது புதிதாகத் திறந்த கனெக்‌ஷனே உடனடியாக 'நடப்பு' கனெக்‌ஷன் ஆகிவிடும். ட்ராசி என்ற பெயரை முன்னால் போட்டு அழைக்கிற எல்லா ஃபங்ஷனும் அந்த நடப்பு கனெக்‌ஷனுக்கே போகும். லேபிளே கொடுக்காமல் இரண்டு தடவை ஸ்டார்ட் செய்திருந்தால் 'கனெக்‌ஷன் டீஃபால்ட் இஸ் ஆல்ரெடி ஆக்டிவ்' என்று அங்கேயே கத்திவிடும், அது நல்லதுக்குத்தான்.

கத்தாமல் போவதுதான் ஆபத்து. கற்கும் நிரல் ஒன்றின் பயிற்சிக்காக எட்டு பிரதிகளை ஓட்டும்போது எட்டுக்கும் ஒரே ரூட் ஃபைலை, அதாவது வண்டிகளையும் அவற்றின் பாதைகளையும் சொல்லும் ஃபைலைத்தானே கொடுக்கிறோம்? ஆகவே எட்டிலும் அதே வண்டி எண்கள், அதே சிக்னல் பெயர்கள். 'அ'வில் இருக்கிற 417-ஆம் வண்டியை நிறுத்தச் சொன்ன கட்டளை 'ஆ'வுக்குப் போனால் அங்கேயும் ஒரு 417 இருக்கும், அது சமர்த்தாக நின்றுவிடும். ஆள் மாறாட்டம் நடந்ததே தெரியாது. வண்டி எண்கள் வெவ்வேறாக இருந்திருந்தால் 'வெஹிக்கிள் இஸ் நாட் நோன்' என்று பிழை வந்திருக்கும், பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பீர்கள்.

நான் செய்கிற சோதனை இது. எஞ்சினைத் திறந்த கையோடு, அந்தக் கனெக்‌ஷன் வழியாகவே ஏதாவது ஒரு சிக்னலுக்கு செட்பாராமீட்டர் மூலம் 'பெயர்' என்ற கீயில் லேபிளை எழுதிவிடுவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கழுத்தில் அட்டை மாட்டுவது மாதிரி. பிறகு சந்தேகம் வருகிற வரிக்கு நேர் மேலே, அந்த வரி எந்த வழியில் பேசுகிறதோ அதே வழியில் கெட்பாராமீட்டர் போட்டு அச்சடித்துப் பார்ப்பேன். 'அ' வரவேண்டிய இடத்தில் 'ஆ' வந்தால் முடிந்தது கதை. ட்ராசி.கெட்லேபிள் என்று ஒன்று இருக்கிறது, நடப்பு லேபிளைச் சொல்லும், ஆனால் அது பைத்தான் தரப்பு நினைத்துக்கொண்டிருப்பதைத்தான் சொல்லும். அட்டையில் எழுதியது மறுமுனையிலிருந்து வருகிறது, எனக்கு அதில்தான் நம்பிக்கை. ஒரு எச்சரிக்கை, இந்த அட்டை அப்போது ஓடுகிற சிக்னல் ப்ரோகிராமோடு ஒட்டியது, நடுவில் ப்ரோகிராமை மாற்றினால் அட்டை காணாமல் போனதாகத் தெரியும்.

தீர்வாக ட்ராசி.ஸ்விட்ச் போட்டு மாற்றி மாற்றிப் பேசலாம் என்று பலர் சொல்வார்கள். இரண்டு எஞ்சின், ஐம்பது வரி ஸ்கிரிப்ட் என்றால் சரி. அதற்கு மேல் வேண்டாம். ட்ராசி.கெட்கனெக்‌ஷன் மூலம் ஒவ்வொரு லேபிளுக்கும் உரிய ஆப்ஜெக்டை வாங்கி ஒரு டிக்‌ஷனரியில் வைத்துக்கொண்டு, எல்லா அழைப்பையும் அதன் மேலேயே செய்யுங்கள். அந்த ஆப்ஜெக்டுக்குள்ளும் வெஹிக்கிள், ட்ராஃபிக்லைட், சிமுலேஷன் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாற்றி எழுதி முடித்ததும் ப்ராஜெக்ட் முழுக்க 'ட்ராசி.' என்று தேடுங்கள். ஸ்டார்ட், கெட்கனெக்‌ஷன், கான்ஸ்டன்ட்ஸ் தவிர வேறு எங்கே வந்தாலும் சந்தேகப்படுங்கள். எனக்கு ஒரு தடவை எல்லாம் சரியாக இருந்தது, ரிவார்டு (கற்கும் நிரலுக்குத் தரும் மதிப்பெண்) கணக்கிடுகிற ஒரு ஹெல்ப்பர் ஃபைலில் மட்டும் ஒற்றை வரி பழையபடி இருந்தது. எட்டு எஞ்சினின் ரிவார்டும் எட்டாவது எஞ்சினின் வரிசை நீளத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. வரைபடம் என்னவோ அழகாகத்தான் ஏறியது.

சப்ஸ்கிரிப்ஷன் (குறிப்பிட்ட மதிப்புகளை ஒவ்வொரு ஸ்டெப்பிலும் தானாகத் தரச் சொல்வது) போட்டும் விடை காலியாக வருகிறது என்றால் அதுவும் இதே கதைதான். ஒரு கனெக்‌ஷனில் சப்ஸ்கிரைப் செய்துவிட்டு இன்னொன்றிடம் விடை கேட்கிறீர்கள்.

ஒரு சில தடவை சரியாகவும் சில தடவை தப்பாகவும் போகிறது

த்ரெட் (ஒரே ப்ரோகிராமுக்குள் இணையாக ஓடும் இழை) வைத்திருக்கிறீர்களா? ஸ்விட்ச் மாற்றுகிற அந்த 'நடப்பு' என்பது மாட்யூல் முழுவதற்கும் ஒன்றே ஒன்று, த்ரெட்டுக்கு ஒன்று என்று கிடையாது. முதல் த்ரெட் 'அ'வுக்கு ஸ்விட்ச் செய்து மூச்சு விடுவதற்குள் இரண்டாவது த்ரெட் 'ஆ'வுக்கு மாற்றிவிடும், முதலாவது அது தெரியாமல் பேசும். தீர்வு மேலே சொன்னதேதான், த்ரெட்டுக்கு ஒரு கனெக்‌ஷன் ஆப்ஜெக்ட், ஸ்விட்ச் வேண்டவே வேண்டாம்.

'ரிசீவ்டு ஆன்சர் ... ஃபார் கமாண்ட் ...' என்று இரண்டு எண்களோடு பிழை

கேட்டது ஒன்று, வந்த பதில் வேறொன்றுக்கு உரியது என்று அர்த்தம். ஒரே சாக்கெட்டில் இரண்டு பேர் பேசுகிறார்கள். இதற்குக் காரணமாக நான் அதிகம் பார்த்தது ஃபோர்க், அதாவது ஓடுகிற ப்ராசஸ் தன்னையே பிரதி எடுப்பது. பெற்றோர் ப்ராசஸில் கனெக்‌ஷனைத் திறந்துவிட்டு, பிறகு மல்டிப்ராசஸிங் மூலம் பிள்ளைகளைப் பிரித்தால், லினக்ஸில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே சாக்கெட் வாரிசாகப் போய்ச் சேரும். ஒருவர் கேட்ட கேள்விக்கான பதிலை இன்னொருவர் வாசித்துவிடுவார். பிள்ளை ப்ராசஸ் பிறந்த பிறகு, அதற்குள்ளே ஸ்டார்ட் செய்யுங்கள். பெற்றோர் எதையும் திறக்கக் கூடாது. த்ரெட்டிலும் இது வரும், இரண்டு த்ரெட் ஒரே ஆப்ஜெக்டைப் பகிர்ந்தால்.

அமைப்பை மாற்றினாலும் பழையபடியே ஓடுகிறது

இதில் எனக்கு இரண்டு நாள் போயிற்று. வண்டிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து ஓட்டினேன், நெரிசல் குறையவில்லை. ரூட் ஃபைலையே காலி செய்தேன், அப்போதும் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. பேய் வீடு மாதிரி இருந்தது.

நடந்தது என்னவென்றால், நான் போர்ட்டை (சுமோ காத்திருக்கும் வாசலின் எண்) 8813 என்று கையால் பூட்டி வைத்திருந்தேன். அதற்கு முந்தைய இரவு ஏதோ ஒரு டெர்மினலில் கையால் கிளப்பிய சுமோ ஒன்று, யாராவது வருவார்களா என்று அதே 8813-இல் காத்துக்கொண்டே இருந்தது. காலையில் ஸ்கிரிப்ட் கிளப்பிய புது சுமோ அந்த போர்ட்டைப் பிடிக்க முடியாமல் செத்துவிட்டது. ஸ்கிரிப்ட்டோ 8813-ஐத் தட்டியது, கதவைத் திறந்தது நேற்றைய ஆள். கைகுலுக்கி வேலையைத் தொடங்கிவிட்டார்கள். புது சுமோவின் மரண வாக்குமூலத்தை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் அதன் வெளியீட்டையெல்லாம் ஒரு குப்பை ஃபைலுக்குத் திருப்பிவிட்டிருந்தேன். நானே என் கண்ணைக் கட்டிக்கொண்ட மாதிரி.

ஆகவே முதலில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். லினக்ஸில் எஸ்எஸ் கட்டளையை எல், டி, என், பி என்ற கொடிகளோடு ஓட்டினால் எந்த போர்ட்டில் எந்த ப்ராசஸ் காத்திருக்கிறது என்று வரும், விண்டோஸில் நெட்ஸ்டாட். வேண்டாத சுமோக்களை ஒழித்துக்கட்டுங்கள். பிறகு போர்ட் எண்ணை நீங்களே கொடுக்காமல் விட்டுவிடுங்கள், ஸ்டார்ட் தானே ஒரு காலி போர்ட்டைத் தேடி எடுத்துக்கொள்ளும்.

அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, இருபது முப்பது பிரதிகளை ஒரே நேரத்தில் கிளப்புபவர்களுக்கு மட்டும். காலி போர்ட் தேடும் முறை என்னவென்றால், ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் ஒரு எண்ணை வாங்கி, அதை உடனே விட்டுவிட்டு, அந்த எண்ணை சுமோவிடம் சொல்வது. விடுவதற்கும் சுமோ போய்ப் பிடிப்பதற்கும் நடுவிலுள்ள நொடிப்பொழுதில் வேறொருவர் அதே எண்ணில் துண்டு போட்டுவிடலாம். எப்போதாவது ஒரு தடவைதான் நடக்கும், அதனாலேயே கண்டுபிடிக்கக் கடினம். அப்படிப்பட்ட கூட்டத்தில் பிரதி எண்ணைக் கூட்டி போர்ட்டை நீங்களே நிர்ணயிப்பது மேல், உதாரணமாக 20000 + பிரதி எண். லினக்ஸ் தானாகக் கொடுக்கும் எண்கள் வழக்கமாக 32768-க்கு மேலே இருக்கும், அதற்குக் கீழே நின்றால் மோதல் குறைவு. கையால் பூட்டாதே என்று சொல்லிவிட்டு இப்போது பூட்டச் சொல்கிறேனே என்று கேட்காதீர்கள். ஒரே எண்ணை எல்லா ஓட்டத்துக்கும் பூட்டியதுதான் என் தப்பு, இங்கே ஆளுக்கு ஒரு எண், கிளப்புமுன் பழைய ஆட்கள் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கிளப்புகிறோம்.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு', அல்லது 'ட்ராசி சர்வர் ஆல்ரெடி ஃபினிஷ்டு'

முதலாவது, போர்ட்டில் இன்னும் யாரும் இல்லை. பெரிய வரைபடம் என்றால் லோடு ஆக நேரம் எடுக்கும், ஸ்டார்ட் 60 தடவை வரை முயன்று பார்க்கும், ஓரிரண்டு வரி வந்தால் பயப்பட வேண்டாம். இரண்டாவது அப்படியில்லை, சுமோ எழுந்து, ஏதோ பிடிக்காமல் போய், செத்தேவிட்டது. பெரும்பாலும் கான்ஃபிக் ஃபைலில் பாதை தப்பு, அல்லது தெரியாத ஆப்ஷன். ஸ்கிரிப்ட்டை விட்டுவிட்டு அதே கட்டளையை ரிமோட் போர்ட் இல்லாமல் டெர்மினலில் நேராக ஓட்டிப் பாருங்கள், காரணத்தை அதுவே சொல்லும்.

கனெக்ட் ஆனதும் உடனே அறுந்துவிடுகிறது

'கனெக்‌ஷன் க்ளோஸ்டு பை சுமோ' என்று பைத்தான் பக்கமும், 'பியர் ஷட்டவுன்' என்று சுமோ பக்கமும் ஒருவரையொருவர் கை காட்டிக்கொண்டிருந்தால், நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

சுமோ எழுந்ததும் எத்தனை கிளையன்ட் (கட்டளை கொடுக்க வரும் ப்ரோகிராம்) என்று சொல்லப்பட்டிருக்கிறதோ அத்தனை பேர் வரும்வரை வாசலில் நிற்கும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஒருவர். அந்த ஒருவர் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கும். இப்போது, போர்ட் திறந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டில் நெட்கேட் போட்டு 8813-ஐத் தட்டிப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த நெட்கேட்டையே சுமோ தன் விருந்தாளி என்று உள்ளே அழைத்து உட்கார வைத்துவிடும். நெட்கேட் 'சரி, திறந்திருக்கிறது' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடும். விருந்தாளி போனதும் சுமோ கடையைக் கட்டிவிடும். அதன் பிறகு உங்கள் ஸ்கிரிப்ட் வந்து தட்டினால் யார் இருப்பார்கள்? எஞ்சின்களைக் கன்டெய்னரில் (டாக்கர் மாதிரியான கருவிகள் தரும் தனிப் பெட்டி) ஓட்டுகிறவர்கள் ஹெல்த் செக் என்று இதையே தானியங்கியாக வைத்துவிடுவார்கள், பத்து எஞ்சினும் வரிசையாகச் சாகும். போர்ட்டைத் தட்டாமல், காத்திருப்பவர் பட்டியலை எஸ்எஸ் மூலம் பாருங்கள், அது யாரையும் தொந்தரவு செய்யாது.

டாக்கரில் இதன் தம்பி ஒன்று உண்டு. போர்ட்டை வெளியே திறந்துவிட்டால், ஹோஸ்ட் பக்கத்தில் டாக்கரின் ப்ராக்ஸி ஒன்று உட்கார்ந்துகொள்ளும். உள்ளே சுமோ இன்னும் வரைபடத்தை லோடு செய்துகொண்டிருந்தாலும் ப்ராக்ஸி உங்கள் கனெக்‌ஷனை வாங்கிக்கொள்ளும், உள்ளே ஆள் இல்லை என்றதும் அறுத்துவிடும். 'ரெஃப்யூஸ்டு' வந்திருந்தால் மறுமுயற்சி நடந்திருக்கும், இங்கே 'வாங்கி அறுத்தது' என்பதால் ட்ராசி அதை சுமோவின் மரணமாக எடுத்துக்கொள்கிறது. கன்டெய்னர்களையும் ஸ்கிரிப்ட்டையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் போட்டு, கன்டெய்னர் பெயரையே ஹோஸ்ட்டாகக் கொடுத்து ட்ராசி.இனிட் (ஏற்கெனவே ஓடும் சுமோவோடு இணைவது) செய்தால் இந்த இடைத்தரகர் இருக்க மாட்டார்.

வெயின்ஸ் (வாகனங்களுக்கிடையிலான தகவல் தொடர்பை சுமோவோடு சேர்த்து சிமுலேட் செய்யும் கருவி) பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: அதனுடன் வரும் லாஞ்ச்டி 9999-இல் காத்திருந்து, வருகிற ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனித் தற்காலிக ஃபோல்டரில் தனி சுமோவைக் கிளப்பி நடுவில் நின்று கடத்தும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது முதலில் 'எந்த அமைப்பை ஓட்ட வேண்டும்' என்று எதிர்பார்க்கிறது, ஆகவே சாதாரண ட்ராசி ஸ்கிரிப்ட்டை நேராக 9999-இல் மாட்டினால் ஒத்துவராது.

எல்லாம் உறைந்துபோய் நிற்கிறது

பிழை இல்லை, சிபியு ஓடவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள், அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சுலபமானவற்றை முதலில் பார்த்துவிடலாம். சுமோ-ஜியுஐ ஓட்டினால் ஓடு பட்டனை யாராவது அழுத்த வேண்டும், அல்லது கட்டளையில் ஸ்டார்ட் ஆப்ஷனைச் சேர்க்க வேண்டும். திரையில் எட்டு ஜன்னல் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால் அழுத்தாத ஜன்னல் கண்ணிலேயே படாது. அடுத்தது, சுமோவைத் தனியாகத்தான் ஓட்டினேன், அப்படியும் நிற்கிறது என்றால் கான்ஃபிக் ஃபைலுக்குள் யாரோ ரிமோட்-போர்ட்டை எழுதி வைத்திருப்பார்கள், அது வராத கிளையன்ட்டுக்காக வாசல் பார்த்துக்கொண்டிருக்கும்.

சிக்கலானது, ஒரே எஞ்சினுக்கு இரண்டு கிளையன்ட். சிக்னலை ஒருவர், வண்டிகளை ஒருவர் என்று பிரித்துக்கொள்வது நியாயமான ஆசை. அதற்கு நம்-கிளையன்ட்ஸ் 2 என்று சொல்லி சுமோவைக் கிளப்ப வேண்டும், இருவரும் வந்து சேர்ந்த பிறகு முதல் ஸ்டெப்புக்கு முன்பே ஆளுக்கு ஒரு தனி எண்ணோடு செட்ஆர்டர் அழைக்க வேண்டும். சின்ன எண் முதலில், பெரிய எண் பிறகு. இருவரும் ஸ்டெப் கேட்டால்தான் நேரம் நகரும். ஒருவர் செட்ஆர்டரை மறந்தாலோ, டீபக்கரில் நின்று யோசித்துக்கொண்டிருந்தாலோ, இன்னொருவர் அப்படியே காத்திருப்பார்.

இதையே ஒரே ஸ்கிரிப்ட்டில், ஒரே த்ரெட்டில், மேலும் கீழுமாக எழுதி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வரியில் முதலாம் கிளையன்ட் கனெக்ட் செய்கிறது, சுமோவோ இரண்டாமவர் வரும்வரை பதில் சொல்லாது. இரண்டாமவர் வருவதற்கான கட்டளை அடுத்த வரியில் இருக்கிறது. அடுத்த வரிக்குப் போக முதல் வரி முடிய வேண்டும். 'கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்' கணக்குதான். இரண்டு கிளையன்ட்டையும் இரண்டு ப்ராசஸாகப் பிரியுங்கள், போர்ட் எண்ணை நீங்களே நிர்ணயித்து இருவருக்கும் சொல்லுங்கள். உண்மையில் இரண்டு கிளையன்ட் தேவையா என்றும் ஒரு தடவை யோசியுங்கள். ஒரே ஸ்கிரிப்ட்டின் இரண்டு கிளாஸ்கள் ஒரே கனெக்‌ஷன் ஆப்ஜெக்டைப் பகிர்ந்தாலே பெரும்பாலான வேலை நடந்துவிடும்.

மற்றவர் கணினியில் ஓடுகிறது, என்னுடையதில் இரண்டாவது எஞ்சினே எழவில்லை

லிப்சுமோவா என்று பாருங்கள். லிப்சுமோ சாக்கெட்டே இல்லாமல் சுமோவை உங்கள் ப்ராசஸுக்குள்ளேயே இழுத்துப் போட்டு ஓட்டும், வேகம் அதிகம். ஆனால் ஒரு ப்ராசஸுக்கு ஒரு சிமுலேஷன்தான், லேபிள் வைத்துப் பல எஞ்சின் என்பது அங்கே நடக்காது. நான் லிப்சுமோவை இம்போர்ட் செய்யவே இல்லையே என்பீர்கள். லிப்சுமோ_ஆஸ்_ட்ராசி என்ற என்விரான்மென்ட் வேரியபிள் எங்காவது செட் ஆகியிருந்தால், நீங்கள் ட்ராசி என்று இம்போர்ட் செய்தாலும் வருவது லிப்சுமோதான். என்றோ வேகத்துக்காகப் பாஷ்ஆர்சி ஃபைலில் சேர்த்துவிட்டு மறந்திருப்பீர்கள். பல எஞ்சினும் வேண்டும், அந்த வேகமும் வேண்டும் என்றால் ஒரு ப்ராசஸுக்கு ஒரு லிப்சுமோ என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இதோடு கெட்வெர்ஷனையும் ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் அழைத்து அச்சடியுங்கள். பிப் மூலம் வந்த ட்ராசி ஒரு பதிப்பு, கணினியில் நிறுவிய சுமோ இன்னொரு பதிப்பு என்பது அடிக்கடி நடப்பது.

எட்டு எஞ்சின், ஆனால் ஒரு கோர் மட்டும் ஓடுகிறது

ஃபார் லூப்பில் ஒவ்வொரு கனெக்‌ஷனாக சிமுலேஷன்ஸ்டெப் அழைக்கிறீர்கள். ஸ்டெப் முடிந்து பதில் வரும்வரை அந்த வரி நகராது, ஆகவே எட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. கட்டளை சரியான ஆளுக்குத்தான் போகிறது, ஆனால் ஒரே கவுன்ட்டரில் எட்டு வரிசை. எஞ்சினுக்கு ஒரு ப்ராசஸ் வையுங்கள். த்ரெட்டும் போதும், சாக்கெட்டில் காத்திருக்கும் நேரத்தில் பைத்தான் தன் பூட்டை விட்டுக்கொடுக்கும், கனெக்‌ஷனைப் பகிராமல் இருந்தால் சரி.

எல்லா எஞ்சினும் அச்சு அசலாக ஒரே விடை தருகின்றன

கட்டளை எல்லாம் ஒரே இடத்துக்குப் போகிறதோ என்று பதற வேண்டாம். சுமோவின் சீடு (ரேண்டம் எண்களுக்கான தொடக்க எண்) நீங்கள் மாற்றாதவரை 23423, எப்போதும் அதுவே. ஒரே சீடு, ஒரே வரைபடம், ஒரே கட்டளை என்றால் ஒரே விடைதான் வரும். பிரதிக்கு ஒரு சீடு கொடுங்கள். ஆனால் அதற்கு முன் இந்த ஒற்றுமையையே ஒரு சோதனையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே சீடில் ஓட்டி, மூன்றாவதில் மட்டும் ஒரு சிக்னலை நூறு ஸ்டெப்புக்குச் சிவப்பில் பிடித்து வையுங்கள். முடிவில் மூன்றாவது மட்டும் வேறுபட்டால் முகவரி சரி, வேறு எதுவாவது வேறுபட்டால் கட்டளை அங்கே கசிந்திருக்கிறது.

வண்டிகளின் பயண விவரம் எழுதப்படும் ட்ரிப்இன்ஃபோ ஃபைலைத் திறந்தால் எக்ஸ்எம்எல் பாதியில் உடைந்து, வண்டிகள் கலந்து கிடக்கிறதா? எட்டு எஞ்சினும் ஒரே ஃபைலில் எழுதுகின்றன. அவுட்புட்-ப்ரீஃபிக்ஸ் ஆப்ஷனில் பிரதி எண்ணைக் கொடுத்தால் ஃபைல்கள் பிரிந்துவிடும்.

இவற்றில் எதிலுமே அடங்கவில்லை என்றால்

ஸ்டார்ட்டில் ட்ரேஸ்ஃபைல் என்ற பாராமீட்டர் இருக்கிறது. லேபிளுக்கு ஒரு ஃபைல் பெயர் கொடுத்து ஓட்டுங்கள். அந்தக் கனெக்‌ஷனில் போன ஒவ்வொரு கட்டளையும் பைத்தான் வரியாகவே அதில் விழும். ட்ரேஸ்கெட்டர்ஸை ஃபால்ஸ் ஆக்கினால் விசாரிக்கிற கட்டளைகள் விலகி, மாற்றுகிற கட்டளைகள் மட்டும் நிற்கும், படிக்க எளிது. பிறகு தப்பாகப் போன அந்த ஒரு செட்ஃபேஸை எல்லா ஃபைலிலும் தேடுங்கள், எந்த ஃபைலில் கிடைக்கிறதோ அந்த எஞ்சினுக்குத்தான் போயிருக்கிறது.

எஞ்சின்களை வேறு வேறு கணினிகளில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. சுமோவின் ட்ராசி போர்ட் கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரியிலும் கேட்கும், அதற்குக் கடவுச்சொல் எதுவும் கிடையாது. பக்கத்து மேசைக்காரர் தன் ஸ்கிரிப்ட்டில் ஐபி முகவரியின் கடைசி எண்ணைத் தப்பாக அடித்தால் உங்கள் எஞ்சினில் வந்து உட்கார்ந்துவிடுவார், நீங்கள் வெளியே நிற்பீர்கள். எங்கள் அறையில் ஒரு மத்தியானம் இதுதான் நடந்தது, இருவரும் அரை மணி நேரம் அவரவர் ஸ்கிரிப்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தோம். இப்போது ஃபயர்வாலில் அந்த போர்ட்டுகளை அடைத்துவிட்டு எஸ்எஸ்ஹெச் டனல் வழியாகத்தான் போகிறோம், லோக்கல் பக்கம் 20003 என்றால் மூன்றாவது கணினி, 20004 என்றால் நான்காவது.